கூடாரமும் வீடும்



கூடாரம் என்றதும் தமிழிலக்கியம் பயின்றவர்க்கு முல்லைப்பாட்டு நினைவுக்கு வரும். நப்பூதனார் பாடிய அந்த 103 அடிகளுக்குள் காட்டிடையே அமைந்த பாசறையும், காவல் நிற்கும் யவனரும், உறக்கம் கொள்ளாத அரசனும் இடம்பெறுகின்றனர். ஆனால், என் வயதையொத்த யாழ்ப்பாணத்தவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் பாசறையைச் சொல்லமாட்டார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவைச் சொல்வார், தறப்பாளைச் சொல்வார். 'காம்ப்' என்ற சொல்லுக்கு எங்கள் பேச்சிலே இரண்டு பொருள்கள்தாம் உண்டு. ஒன்று இராணுவ முகாம். மற்றையது அகதி முகாம்.

அச்சொல்லுக்கு மூன்றாவது பொருளொன்றும் உண்டு என்பதை 2024ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் அமெரிக்காவின் புளோரிடாவிலே கண்டேன். மயாமி நகரில் தொழில் பார்க்கும் என் அக்காவின் மகன், "மாமா, கடற்கரையில் காம்ப் அடிக்கப் போவோம்" என்று அழைத்தான். 1995இல் அக்காவின் இடுப்பிலே கைக்குழந்தையாக இருந்தவன் அவன்.

புளோரிடாவின் தென்முனையிலிருந்து தென்மேற்காக வில்போல் வளைந்து செல்கிறது ஒரு தீவுத் தொடர். கடகக்கோட்டுக்குச் சற்று வடக்கே அமைந்திருப்பதால் அங்கு மாரியிலும் உறைபனி இல்லை. 113 மைல் நீளமான நெடுஞ்சாலையொன்று 42 பாலங்களால் தீவுகளை ஒன்றோடொன்று இணைத்துச் செல்கிறது. அவற்றுள் ஏழு மைல் பாலத்தைக் கடந்து சிறிது தூரம் சென்றால் பஹியா ஹொண்டா என்ற அரச பூங்கா. அங்கே தங்குமிடம் கிடைப்பது எளிதன்று. உள்ளூர்வாசிகளுக்குப் 11 மாதங்களுக்கு முன்பே பதிவு திறக்கும். மருமகன் அந்நாட் காலையிலேயே பதிந்து வைத்திருந்தான். கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் குளிருக்குத் தப்பி வருகின்ற முதியவர்களே அயலிலெல்லாம் இருந்தனர். அவர்களைப் 'பனிப் பறவைகள்' என்று அங்கு அழைக்கிறார்கள்.

இவ்வழக்கம் பழையது. ஃபோர்ட் மோட்டார் வண்டி சாதாரண மக்களின் கைக்கு எட்டிய காலத்தில், தகரத்தில் அடைத்த உணவை ஏற்றிக்கொண்டு கூடாரத்தோடு புளோரிடாவுக்கு வந்தவர்கள், 1919இல் தம்பா நகரப் பூங்காவொன்றில் சங்கம் அமைத்தனர். 'தகர டின் பயணிகள்' என்பது அதன் பெயர். வண்டியின் முன்மூடியில் வெறும் டின் ஒன்றை ஒட்டிவைப்பது உறுப்பினருக்கு அடையாளம்.

இன்றோ வண்டியே வீடாகிவிட்டது. மருமகன் வாடகைக்கு எடுத்துவந்த கரவனில் கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, மலசலகூடம் யாவும் இருந்தன. ஆனால், வீடு நிறுத்துவதும் ஒரு வித்தைதான். சில்லுகளின் கீழே கட்டை வைத்துச் சமதளமாக்கவேண்டும். சரிந்து நின்றால் அந்தக் குளிர்சாதனப் பெட்டி ஒழுங்காக இயங்காது. குடிநீர்க் குழாயையும் மின்சாரத்தையும் பொருத்தவேண்டும். கழிவுக்கு இரு தொட்டிகள். கழுவிய நீர் ஒன்றிலே சேரும். மலசலம் மற்றையதிலே சேரும். புறப்படும்போது மலசலத் தொட்டியை முதலில் திறந்துவிட்டு, பின்னர் சவர்க்கார நீரைத் திறந்துவிட்டால் குழாய் தானே கழுவப்படும். படித்த பிள்ளை கையுறை மாட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்ததைக் கண்டு அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

கரவனில் இடம் போதாமையால் எனக்குப் பக்கத்திலே ஒரு கூடாரம். அத்தீவு முருகைக்கல்லாலானது. எங்கள் சுண்ணாம்புத் தரைபோலவே முளை இறங்க மறுக்கும். மரமுளை முறிந்துவிடும், இரும்பு முளையைச் சுத்தியலால் அறையவேண்டும். காற்று ஓய்கின்ற மாலையிலும் விடியலிலும் ஒருவகைப் பூச்சி கடிக்கும். கண்ணுக்குத் தெரியாது என்ற பொருள்பட அதற்கு அங்கே பெயர். நுளம்பு வலையின் கண்ணுக்குள்ளும் அது நுழைந்துவிடுமாதலால் மிக நெருக்கமான வலை வேண்டும். ரக்கூன் என்ற பிராணி இரவிலே வந்து உணவைத் திருடும்; பாணைக்கூட வண்டிக்குள் வைத்துப் பூட்டவேண்டும்.

இத்தனை தொல்லைக்கும் ஈடாகக் கிடைத்தது அந்த இரவு. சீலைச் சுவருக்கு அப்பால் கடலின் மூச்சு. தலைக்குமேல் நட்சத்திரங்கள். எவருக்கும் பயப்படாமல் வெறுந்தரையில் ஓர் இரவு கிடந்தேன். மருமகனின் சிறு மகள், தானும் கூடாரத்திலேயே படுப்பேன் என்று அடம்பிடித்து என்னருகே உறங்கினாள். அப்பம்மாவையும் வரச்சொல்லிக் கூப்பிட்டாள். அக்கா வரவில்லை.

"தம்பி, நான் தறப்பாளுக்குக் கீழ படுத்தது காணும். எனக்குக் கதவும் திறாங்கும் வேணும்" என்று சொல்லிவிட்டுக் கரவனுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார்.

தென்மராட்சியில் ஒரு பாடசாலை வளவிலே, ஒரே தறப்பாளின் கீழ் நாங்கள் பதினொரு பேர் இருந்தோம். அப்போது எனக்குப் பதினைந்து வயது. மழை பெய்தால் அக்கா குழந்தையை மடியில் வைத்தபடி விடியும்வரை குந்தியிருப்பார். அன்றும் தலைக்குமேல் நட்சத்திரங்கள் இருந்திருக்கவேண்டும். அவற்றைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

நேயர்களே, அந்தப் பூங்காவிலிருந்து பார்த்தால் கடலுக்குள் துருப்பிடித்து நிற்கும் பழைய இரும்புப் பாலமொன்று தெரியும். 1912இல் ஹென்றி ஃபிளாக்லர் கடல்மேல் அமைத்து முடித்த புகையிரதப் பாதையின் மிச்சம் அது. அந்தப் பாதையின் முடிவும் ஒரு கூடாரக் கதைதான்.

1935ஆம் ஆண்டு, நாட்டில் வேலையில்லாக் காலம். முதலாம் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய படையினர் சிலநூறு பேரை அரசு நெடுஞ்சாலை வேலைக்காக இத்தீவுகளிலே குடியமர்த்தியது. கூடாரங்களும் மெலிந்த பலகைக் கொட்டில்களுமே அவர்களுக்கு உறைவிடம். செப்டெம்பர் 2ஆம் திகதி, அமெரிக்கக் கரையைத் தாக்கியவற்றுள் மிகக் கடுமையான சூறாவளி அங்கே வந்தது. அவர்களை ஏற்றிச்செல்ல மயாமியிலிருந்து புகையிரதம் அனுப்பப்பட்டது. ஆனால், அது பிந்திவிட்டது. இஸ்லமொராடாவை அது அடைந்தபோது கடல் எழுந்து பெட்டிகளைப் புரட்டிப்போட்டது. இயந்திரம் மட்டும் தண்டவாளத்தில் நின்றது. 400 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் 250 பேருக்கு மேல் அந்தப் படையினர். புகையிரதப் பாதை பின்னர் சீர்செய்யப்படவேயில்லை. அதன் பாலங்களைக் கொண்டே 1938இல் இன்றைய வீதி முழுமையாகத் திறக்கப்பட்டது.

அக்காலத்தில் கீ வெஸ்ற் தீவில் வாழ்ந்தவர் எர்னெஸ்ற் ஹெமிங்வே. அவர் படகிலே சென்று பிணங்களைக் கண்டார். அம்மாதமே ஒரு சஞ்சிகையில் கட்டுரை எழுதினார். இப்படையினரைக் கொன்றது யார் என்று தலைப்பிலேயே கேட்டார். சூறாவளிப் பருவத்தில் அவர்களை அங்கே அனுப்பியவர் யார், விட்டுவைத்தவர் யார் என்பதே அவருடைய வினா. போகும் வழியில் அவர்களுக்கான நினைவுச் சின்னத்தின் முன் நாங்கள் நின்றோம். கற்பலகையில் தென்னைகள் காற்றுக்கு வளைந்துகொண்டிருந்தன.

இதே இரட்டைப் பொருளை ஜோன் ஸ்ரைன்பெக்கின் எழுத்திலும் காணலாம். 1939இல் வெளிவந்த 'கோபத்தின் கனிகள்' நாவலில், நிலம் இழந்த குடும்பமொன்று பழைய லொறியில் வீட்டைச் சுமந்துகொண்டு வழிநெடுகக் கூடாரங்களிலே தங்கிச் செல்கிறது. 1960இல் அதே எழுத்தாளர், பாரவண்டியொன்றின் மேல் அறை பொருத்தி, அதற்கு டொன் குயிக்சோட்டின் குதிரையின் பெயரான ரோசினான்ரே என்பதைச் சூட்டி, நாயுடன் நாடு சுற்றினார். இரண்டும் சில்லுப் பூட்டிய வீடுகள்தாம். ஒன்று திரும்பிச் செல்ல வீடுள்ளவருடையது. மற்றையது வீடு போனவர்களுடையது.

மருமகனிடம் கேட்டேன்: "புயல் வந்தால் இங்கிருப்பவர்கள் என்ன செய்வார்கள்?"

"முதலில போகச் சொல்லுறது எங்களைத்தான் மாமா. விருந்தாளிகள், கரவன்காரர், கூடாரக்காரர் எல்லாரும் வெளிக்கிட்ட பிறகுதான் ஊர்ச்சனம்" என்றான்.

2017 செப்டெம்பரில் 'இர்மா' சூறாவளி இத்தீவுகளைத் தாக்கியபோதும் அப்படித்தான் நடந்தது. 1935இல் கூடாரத்திலிருந்தவர்களுக்குக் கிடைக்காத அந்த நேரம், இப்போது விதியாக எழுதப்பட்டுள்ளது.

கூடாரத்தின் இன்பம் சீலையிலும் இல்லை, கடலிலும் இல்லை என்று நான் எண்ணுகிறேன். வேண்டியபோது அதைச் சுருட்டிக்கொண்டு புறப்படலாம், புறப்பட்டால் போய்ச்சேர ஒரு கதவு இருக்கிறது என்ற உறுதியிலேயே அது இருக்கிறது. முல்லைப்பாட்டின் அரசனுக்கும் ஒரு வீடு இருந்தது. அங்கே ஒருத்தி காத்திருந்தாள்.

கடைசி நாட் காலையில் கூடாரத்தை அவிழ்த்தோம். மடிக்க இன்னொரு கை வேண்டியிருந்தது. கூப்பிடாமலே அக்கா வந்து ஒரு மூலையைப் பிடித்தார். மண்ணைத் தட்டி, மூலைக்கு மூலை பொருத்தி, நேர்த்தியாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அண்டைக்கு நாங்கள் தறப்பாளையும் விட்டிட்டெல்லோ ஓடினனாங்கள்" என்றார்.

பையின் வாயை அவரே இறுக்கிக் கட்டினார்.