சாஷே மாளிகையின் மாடி அறை



கோட்டை என்றதும் அகழியும் கொடியும் கண்முன் தோன்றும். பிரான்சு நாட்டின் துரேன் வட்டாரத்தில், தூர் நகருக்குத் தென்மேற்கே ஏந்த்ரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் நிற்கும் சாஷே மாளிகையில் அத்தகைய மிடுக்கு எதுவுமில்லை. பதினாறாம் நூற்றாண்டில் எழுந்து, பிற்காலத்தில் மாற்றங்கள் பெற்ற நாட்டுப்புறச் சீமான் வீடு அது. அதன் இரண்டாம் மாடியிலுள்ள சிற்றறை ஒன்றில்தான் நாவலாசிரியர் பால்சாக் தங்கி எழுதினார்.

வீடு அவருடையதன்று, ழான் தெ மார்கோன் என்பாருடையது. அவர் பால்சாக்கின் அன்னைக்குக் காதலராக இருந்தவர் என்றும், இளைய சகோதரன் ஆன்றிக்குத் தந்தை அவரே என்றும் வரலாற்றாசிரியர்கள் கருதுவர். ஆயினும், 1828இல் அச்சுத் தொழில் நொடித்துக் கடனாளியான பால்சாக், பாரிசில் கடன்காரர் தொல்லை மிகும்போதெல்லாம் அவ்வீட்டையே நாடினார். 1832இல் ‘லூயி லாம்பேர்’ அங்கே உருப்பெற்றது. மகள்களுக்காகத் தன்னையே அழித்துக்கொள்ளும் தந்தையின் கதையான ‘கோரியோ கிழவன்’ நாவலின் ஒரு பகுதியை 1834இல் எழுதியதும் அங்கேதான். தாயின் காதலர் வீட்டில் அமர்ந்து தந்தைமையின் துயரை எழுதிய அந்த உள்ளத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்!

புகலிடம் என்றாலும் விருந்தாளிக்குரிய கட்டுகள் இருந்தன. உணவு மணி அடித்தால் உடைமாற்றிக் கீழே இறங்க வேண்டும். அயலார் வந்தால் உரையாட வேண்டும். எண்ணவோட்டம் இதனால் அறுபடுவதைக் கடிதத்தில் அவர் நொந்துகொண்டதுண்டு. எனவே பின்னிரவும் விடியலும் காப்பியுமே துணையாயின. உடல் எவ்வளவுதான் தாங்கும்? 1836 கோடையில், ‘கலைந்த கனவுகள்’ நாவலைத் தொடங்கியிருந்த வேளையில், மாளிகைப் பூங்காவிலேயே மயங்கி விழுந்தார். அதே ஆண்டு நூலாக வெளிவந்த ‘பள்ளத்தாக்கின் லில்லி’யில் அந்த ஆற்றங்கரையே கதைக்களம்.

1848இல் கடைசியாக வந்து சென்றார், 1850இல் மறைந்தார். 1951 முதல் அம்மாளிகை அவர் பெயரால் அருங்காட்சியகமாக விளங்குகிறது. அவர் திருத்திய அச்சுப்படிகளை அங்கே காணலாம். ஓரமெல்லாம் கோடுகள் கிளைவிட்டுப் படர, அச்சான பத்தியைப் புதுப் பத்திகள் சூழ்ந்துகொள்கின்றன. அச்சுக்கோப்பவர்கள் அவற்றைக் கண்டு அஞ்சினர். திருத்தத்திற்கான மிகைச் செலவோ, பெரும்பாலும் ஆசிரியரின் ஊதியத்திலிருந்தே கழிக்கப்பட்டது. கடன் தீர்க்க எழுத வந்தவர், திருத்தித் திருத்தியே அக்கடனைப் பெருக்கிக்கொண்டார்.