முதியோர் இல்லம் தேடிய ஒரு குடும்பம்

(ஆலய மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பெற்ற தாயை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது பாவமா என்னும் வினா, தமிழர் இல்லங்களில் இன்றும் தாழ்ந்த குரலில்தான் எழுப்பப்படுகிறது. பாவமா, இல்லையா என வாதிடுவதிலேயே காலம் கழிந்துவிடுவதால், எத்தகைய இல்லம் என்பதை ஆராய ஒருவருக்கும் நேரம் கிடைப்பதில்லை. 'நாளை அழைத்துச் செல்லுங்கள்' என்று மருத்துவமனை கூறிய பின்னரே பல குடும்பங்களில் தேடல் தொடங்குகிறது.

கிள்ளான் வட்டாரத்துக் குடும்பம் ஒன்றின் கதை இது. அம்மையாருக்கு வயது 82. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். பக்கவாதத்தால் வலப்புறம் செயலிழந்தது, பேச்சும் குழறியது. மூத்த மகனுக்குத் தொழிற்சாலையில் இரவு பகல் மாறிவரும் வேலை. மகள் ஜொகூரில், இளைய மகன் சிங்கப்பூரில். ஓராண்டுக் காலம் மருமகளே மாமியாரைத் தூக்கினார், குளிப்பாட்டினார், ஊட்டினார். முதுகு பிடித்துக்கொண்டு அவரே படுக்கையில் விழுந்த பிறகுதான் 'இல்லம்' என்ற சொல் அவ்வீட்டில் எழுந்தது. "ஊர் என்ன சொல்லும்?" என்று முதலில் கேட்டவர், அவ்வாண்டில் மூன்று முறை மட்டுமே வந்து சென்ற இளைய மகன். ஊர் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்கு வேறு வேலைகள் இருந்தன.

அரசாங்க இல்லத்தில் இடம் கிடைக்கும் என்று முதலில் நம்பினர். ஆனால் 'ஸ்ரீ கெனாங்கான்' இல்லங்கள் 60 வயதைக் கடந்த, ஆதரவற்ற, தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள இயன்ற முதியோருக்கு உரியவை. படுக்கையில் கிடக்கும் ஆதரவற்றோருக்குக் கோலகுபு பாருவிலும் டுங்குனிலும் 'எஹ்சான்' இல்லங்கள் உள்ளன. மூன்று பிள்ளைகள் உள்ள தாய் ஆதரவற்றவர் ஆவாரா? சமூக நல இலாகாவின் முகப்பில் அவ்வினாவைச் செவியுற்ற மூத்த மகன் தலைகுனிந்து திரும்பினார்.

எஞ்சியவை தனியார் இல்லங்கள். 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு நிலையச் சட்டத்தின்படி, நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ தங்கும் இல்லம் சமூக நல இலாகாவில் பதிவுபெற வேண்டும். தீயணைப்புத் துறை, ஊராட்சி மன்றம், சுகாதார இலாகா ஆகியவற்றின் இசைவும் அதற்குத் தேவை. பதிவுச் சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேட்பது எவரையும் அவமதிப்பதாகாது. மேல்மாடியில் நடக்க இயலாதவர்களை வைத்திருக்கும் இல்லத்தில், தீப்பற்றினால் அவர்களை இறக்குவது யார் என்று கேட்கவும் தயங்கலாகாது.

முதலில் பார்த்த இல்லம் பெரியது. குளிரூட்டப்பட்ட வரவேற்பறை, மெத்தை நாற்காலிகள், சுவரில் வண்ணப் படங்கள். மூத்த மகனுக்கு உடனே பிடித்துவிட்டது. மகள் மட்டும் உள்ளே நடந்து சென்று பார்த்தார். அங்கிருந்த மூதாட்டிகள் அனைவருக்கும் முடி காதளவில் வெட்டப்பட்டிருந்தது. "குளிப்பாட்ட எளிது" என்றார் மேலாளர். இருவர் துணியால் நாற்காலியோடு கட்டப்பட்டிருந்தனர். "விழாமல் இருக்க" என்பது விளக்கம். இரவில் எத்தனை பணியாளர் என்ற கேள்விக்கு நேரான விடை வரவில்லை. கூறப்பட்ட மாதக் கட்டணம் குறைவுதான். ஆனால் பேம்பர்ஸ், பால்மாவு, மருத்துவமனைக்குச் செல்லும் வண்டி ஆகியவற்றைத் தனித்தனியே கூட்டியபோது, பின்னர் பார்த்த இல்லத்தின் கட்டணத்தையும் அது மிஞ்சியது. முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பது எழுத்தில் எங்கும் இல்லை.

அடுத்த இல்லத்திற்கு முன்னறிவிப்பின்றி, மதிய உணவு வேளையில் சென்றனர். பழைய தரை வீடு. வரவேற்பறை என ஒன்று இல்லை. உள்ளே நுழைந்ததும் சிறுநீர் வாடை வீசவில்லை. ஒரு முதியவருக்குப் பணிப்பெண் அவசரமின்றி, ஒவ்வொரு வாயும் விழுங்கும்வரை காத்திருந்து ஊட்டிக்கொண்டிருந்தார். கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்கியது. படுத்தபடியே இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்த நேரமும், செய்தவரின் கையொப்பமும் அதில் இருந்தன. படுக்கைப் புண்ணைத் தடுப்பது அந்தப் புரட்டுதலே. இது விடுபட்டால் விலையுயர்ந்த மெத்தையும் காப்பாற்றாது. அடுக்களையில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. வெள்ளிக்கிழமை சைவ உணவு உண்டு. பணியாளர் ஒருவர் தமிழறிந்தவர். பேச்சுக் குழறிய ஒருவர் 'தண்ணீர்' என்பதையும் 'வலிக்கிறது' என்பதையும் அரைச் சொல்லில் கூறும்போது அதைப் புரிந்துகொள்ள ஆள் வேண்டுமன்றோ?

இல்லம் முடிவாயிற்று. செலவை மூவரும் பங்கிட்டனர். பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துமாறு ஒரு நண்பர் நினைவூட்டினார். பெற்றோரின் மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கான வருமான வரிக் கழிவு 2021 மதிப்பீட்டு ஆண்டு முதல் 8,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. பராமரிப்பு தேவை என்பதை மருத்துவர் சான்றளித்திருக்க வேண்டும்.

தாயிடம் சொல்வது யார் என்பதில்தான் பெரும் சண்டை மூண்டது. "இரண்டு வாரச் சிகிச்சை என்று சொல்லி அழைத்துச் சென்றுவிடுவோம்" என்றார் மூத்த மகன். பல வீடுகளில் நடப்பது இதுவே. மூன்றாம் வாரம் முதல் அந்தத் தாய் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார் என்பதை எவரும் நினைப்பதில்லை. மகள் உடன்படவில்லை. மூவரையும் கட்டிலருகே அமர்த்தி, மருமகளின் முதுகு நிலையையும் இல்லத்தின் பெயரையும் மறைக்காமல் சொன்னார்.

அம்மையார் இரண்டு நாள் எவரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் குழறிய குரலில் இரண்டு கேள்விகள் கேட்டார். முடியை வெட்டுவார்களா? விளக்கேற்ற விடுவார்களா?

முடியை வெட்டுவதில்லை என்று இல்லத்தார் எழுதியே கொடுத்தனர். உயிர்வாயுக் கலன்கள் உள்ள இடமாதலால் எண்ணெய் விளக்குக்கு மட்டும் அனுமதி இல்லை. தெங்கு கெலானா சாலையில் சிறிய மின்விளக்கு ஒன்று வாங்கி, முருகன் படத்தின் முன் வைக்கப்பட்டது. "எண்ணெய் வாசம் இல்லையே" என்றார் அம்மையார். வெள்ளிதோறும் மாலையில் மருமகள் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு வருகிறார். ஆலயத் திருநீற்றை மாமியார் நெற்றியில் இட்டு, தலைவாரிக் கொண்டை முடிந்து, மல்லிகைச் சரம் சூட்டிவிட்டு, இரவு உணவு முடியும்வரை அருகில் அமர்ந்திருக்கிறார்.