கொழும்புக்குப் போகும் பிள்ளைக்குச் சொல்லி அனுப்ப வேண்டியவை

(தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். களைப்பாக இருக்கும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

இன்றைக்குக் கொழும்பில் ஒரு பிள்ளையாவது வேலை செய்யாத லயம் உண்டா? புறக்கோட்டைப் புடவைக் கடையில் ஒருவர், வெள்ளவத்தையில் வீட்டு வேலைக்கு ஒருவர், சாப்பாட்டுக் கடையில் ஒருவர், கட்டுநாயக்க கார்மெண்டில் ஒருவர். பதினெட்டு, இருபது வயதில் போகிறார்கள். போகும்போது நாம் நிறையப் புத்தி சொல்கிறோம். சம்பளத்தை வீணாக்காதே, சீட்டுக் காசை மறக்காதே, கெட்ட சகவாசம் வேண்டாம். இதெல்லாம் நல்ல புத்திதான். ஆனால் ஒன்றை மட்டும் நாம் வாய் திறந்து சொல்வதில்லை. உடம்பு சம்பந்தமாக, ஆண் பெண் உறவு சம்பந்தமாக ஒரு கஷ்டம் வந்தால் எங்கே போக வேண்டும் என்று சொல்வதில்லை.

"இதையெல்லாம் சொன்னால் பிள்ளை கெட்டுப் போகாதா?" என்று நீங்கள் நினைக்கலாம். ஆற்றுப் பக்கம் போகாதே என்று சொல்கிற தாய்தான் பிள்ளைக்கு நீச்சலும் பழக்குகிறாள். சொல்லாமல் விட்டால் பிள்ளை கேட்காமல் இருக்கப் போவதில்லை. அறையில் கூட இருக்கிறவரிடம் கேட்கும், கடைப் பையனிடம் கேட்கும். அவர்கள் சொல்கிற வழிதான் ஆபத்தானது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் கதை இது. பெயரும் தோட்டமும் வேண்டாம். கொழும்பில் ஒரு கடையில் வேலை. பழகியவன் கலியாணம் கட்டுவதாகச் சொன்னான். மாதவிலக்கு நின்றதும் அவன் தொலைபேசியும் நின்றுவிட்டது. யாரோ ஒரு பொம்பிளை காட்டிய வீட்டுக்குப் போய், இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து "கழுவி" விட்டு வந்தாள். மூன்றாம் நாள் காய்ச்சலும் இரத்தப்போக்கும். பொலிசுக்குப் பிடித்துக் கொடுப்பார்கள் என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இரவு பஸ்ஸில் மலைக்கு வந்து சேர்ந்தாள். உயிர் பிழைத்தது தெய்வ புண்ணியம். அவள் தங்கியிருந்த இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் காசு வாங்காத ஓர் அரசாங்கக் கிளினிக் இருந்தது. அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இன்றைக்கு நாங்கள் இதைச் சொல்ல வந்திருக்கிறோம்.

முதலாவது, எங்கே போவது?

"எம்.ஓ.எச். ஒபிஸ்" என்ற சொல்லைப் பிள்ளைக்குப் பாடமாக்கி அனுப்புங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை என்று எழுதியிருக்கும். ஆனால் எம்.ஓ.எச். என்றால் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோருக்கும் விளங்கும். நமது தோட்டத்துக்கு வருகிற மிட்வைஃப் அம்மா மாதிரியே ஊருக்கு ஊர் மிட்வைஃப் உண்டு. குடும்பத் திட்டக் கிளினிக் எந்தக் கிழமை நடக்கிறது என்று அங்கே கேட்டால் சொல்வார்கள். கொழும்பு நகரத்துக்குள் மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களமும் தாய் சேய் கிளினிக்குகளை நடத்துகிறது. பெரிய ஆஸ்பத்திரி என்றால் பொரளைப் பக்கம் டி சொய்சா மகளிர் வைத்தியசாலையும் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் இருக்கின்றன. இவையெல்லாம் அரசாங்கத்தினுடையவை. வைத்தியரைப் பார்க்கக் காசு இல்லை.

குடும்பத் திட்டச் சங்கம் என்று ஒன்றும் இருக்கிறது. 1953ஆம் ஆண்டில் தொடங்கியது, கொழும்பு 7இல் புல்லர்ஸ் லேனில் இருக்கிறது. அது அரசாங்கமல்ல, ஆகவே எவ்வளவு கட்டணம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கடைகளில் நாம் பார்க்கிற "மிதுரி" வில்லையும் "பிரீத்தி" உறையும் இந்தச் சங்கம் கொண்டுவந்தவைதான். 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பிறகு பார்மசியில் எல்லாச் சாமானும் விலை ஏறிவிட்டது. ஆகவே மாதா மாதம் தேவைப்படுகிறவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் பதிந்துகொள்வதுதான் கைக்கு அடக்கம்.

இரண்டாவது, என்னென்ன கிடைக்கும்?

வில்லை ஒவ்வொரு நாளும் தவறாமல் எடுக்க வேண்டும். ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. ஊசி போட்டால் மாதவிலக்கு முன்பின்னாக வரும், சிலருக்கு நின்றும் போகும். நோய் என்று பயப்படத் தேவையில்லை. நிறுத்திய பிறகு பிள்ளை தங்க சில மாதம் செல்லலாம், ஆனால் மலடாக்காது. கையில் தோலுக்குக் கீழே வைக்கிற சிறு குச்சி ஐந்து வருஷத்துக்குப் போதும். செம்பு லூப் பத்து வருஷம் வரை இருக்கும். குச்சியையும் லூப்பையும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். ஆணுறை ஒன்றுதான் பிள்ளை உண்டாவதையும் தடுக்கிறது, நோய் தொற்றுவதையும் தடுக்கிறது. ஆகவே தகப்பன்மார்களே, மகனுக்குச் சொல்லுங்கள். இது பொம்பிளைகளின் வேலை மட்டுமல்ல.

உறை கிழிந்துவிட்டது, அல்லது எதுவும் பாவிக்காமல் நடந்துவிட்டது என்றால் அதற்கும் ஒரு வில்லை உண்டு. "போஸ்டினோர்" என்று கேட்டால் பார்மசியில் தெரியும். 72 மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. இது கருவைக் கலைக்கிற மருந்து அல்ல. ஏற்கெனவே பிள்ளை தங்கியிருந்தால் இதனால் ஒன்றும் ஆகாது. அவசரத்துக்கு மட்டும்தான், எப்போதும் பாவிக்கிறதற்கு அல்ல.

இங்கே ஒரு பழைய கதையையும் சொல்ல வேண்டும். 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பணம் கொடுக்கப்பட்டது. எல்.ஆர்.டி. என்றால் என்னவென்று சரியாக விளங்காமலே கையெழுத்து வைத்த தாய்மார்கள் மலைநாட்டில் இருக்கிறார்கள். அந்தப் பயத்தில்தான் இன்னும் சில வீடுகளில் கிளினிக் என்றாலே வேண்டாம் என்கிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்குப் பரிகாரம் கிளினிக்குக்குப் போகாமல் இருப்பது அல்ல, விளங்கிக்கொண்டு போவதுதான். இது என்ன, எவ்வளவு காலத்துக்கு, வேண்டாமென்றால் எடுக்கலாமா? இந்த மூன்று கேள்வியையும் கேட்காமல் யாரும் எதற்கும் சம்மதிக்க வேண்டாம். பாஷை விளங்காவிட்டால் தமிழ் தெரிந்த தாதியையோ மிட்வைஃபையோ கூப்பிடச் சொல்லுங்கள். 1987ஆம் ஆண்டிலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. கேட்பது உரிமை, உபகாரம் அல்ல.

மூன்றாவது, நோய் சந்தேகம் வந்தால்?

சிறுநீர் போகும்போது எரிவு, சீழ் மாதிரி வடிதல், மறைவான இடத்தில் புண், அரையில் நெறி கட்டுதல், பெண்களுக்கு நாற்றத்தோடு வெள்ளை படுதல், அடிவயிற்று வலி. இதில் எது இருந்தாலும் காட்ட வேண்டும். பெண்களுக்கு ஒரு அறிகுறியும் இல்லாமலே நோய் இருக்கலாம். தெருவில் துண்டுப் பிரசுரம் கொடுக்கிறவரிடமும் "ஒரே ஊசியில் சுகம்" என்கிறவரிடமும் காசைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

கொழும்பு 10, மருதானைப் பகுதியில், டி சேரம் பிளேஸில் தேசிய பாலியல் நோய் எயிட்ஸ் தடுப்பு நிகழ்ச்சித்திட்டத்தின் மத்திய கிளினிக் இருக்கிறது. வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை. நேரே போகலாம். சோதனையும் மருந்தும் இலவசம். வெளியில் சொல்ல மாட்டார்கள். முதலாளிக்கும் அறிவிக்க மாட்டார்கள், வீட்டுக்கும் அறிவிக்க மாட்டார்கள். களுபோவில, ராகம, நீர்கொழும்பு ஆஸ்பத்திரிகளிலும் இந்தக் கிளினிக் உண்டு. தீபாவளிக்கு ஊருக்கு வந்த இடத்தில் காட்ட வேண்டுமென்றால் நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலையிலும் இருக்கிறது.

மேகவெட்டை, கிரந்தி போன்ற நோய்களை மருந்தால் முற்றாகச் சுகப்படுத்தலாம். கூட இருந்தவரும் சேர்ந்து மருந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் வரும். எச்.ஐ.வி. என்றாலும் இடிந்து போக வேண்டாம். தினமும் எடுக்கிற மருந்து அரசாங்கத்தில் இலவசம். ஒழுங்காக எடுத்தால் வேலை செய்து, குடும்பம் நடத்தி, நெடுங்காலம் வாழலாம். ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் குடிப்பதாலோ ஒரே பாயில் படுப்பதாலோ அது தொற்றாது. எச்.ஐ.வி.யும் கிரந்தியும் தாயிலிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை நமது நாடு ஒழித்திருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் உறுதிப்படுத்தியது. கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் இரத்தம் கொடுத்துச் சோதித்ததால் கிடைத்த பலன் அது.

நான்காவது, பிள்ளை தங்கிவிட்டால்?

நமது நாட்டில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைப்படி, தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருவைக் கலைக்கலாம். வேறு எந்தக் காரணத்துக்குச் செய்தாலும் குற்றம். அதனால்தான் அது கதவடைத்த வீடுகளில் நடக்கிறது, பிள்ளைகள் சாகிறார்கள். ஆனால் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: எப்படி நடந்திருந்தாலும் இரத்தப்போக்கு, காய்ச்சல், நாற்றம் இருந்தால் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உயிரைக் காப்பாற்றுவதுதான் வைத்தியரின் முதல் கடமை. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். தாலி ஏறாத பிள்ளை என்றாலும் கர்ப்பிணிக் கிளினிக்கில் பதியலாம். பிள்ளைப்பேறு பார்ப்பதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் கலியாணச் சேர்ட்டிபிக்கட் கேட்க முடியாது.

வேலை செய்கிற வீட்டிலோ கடையிலோ யாராவது பலவந்தம் செய்தால் குளிக்காமல், உடுப்பு மாற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கவும் மருந்து உண்டு, அதையும் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் "மிதுரு பியச", தமிழில் நட்பு நிலையம் என்று ஓர் இடம் இதற்கென்றே இருக்கிறது. பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கங்கள் உண்டு. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளை சம்மதித்தது என்று யார் சொன்னாலும் சட்டத்தில் அது கற்பழிப்புதான்.

இனி, கலியாணம் ஆகாத பிள்ளை கிளினிக்குக்குப் போனால் முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். "தாலி எங்கே?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். வயது வந்தவருக்குக் கலியாணம் ஆகவில்லை என்று கருத்தடை கொடுக்கக்கூடாது என்ற சட்டம் இல்லை. ஓர் இடத்தில் மனம் நோகப் பேசினால் அழுதுகொண்டு திரும்ப வேண்டாம். இன்னொரு இடத்துக்குப் போகலாம். ஒருவர் பேசியதற்காக உடம்பைப் பாழாக்கக் கூடாது.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 1996ஆம் ஆண்டிலிருந்து சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. முப்பத்தைந்து வயதானவர்கள் போய்க் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு ஒரு சிறு சோதனை செய்துகொள்ளலாம். நோகாது, காசும் இல்லை. ஒரு நாள் பேர் போகிறதே என்று பார்க்காதீர்கள். 2017ஆம் ஆண்டிலிருந்து ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு இதே நோய்க்குத் தடுப்பூசி போடுகிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கடதாசி வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இத்தனை இடமும் இலக்கமும் பிள்ளைக்கு நினைவில் நிற்காமல் போகலாம். ஆனால், "என்ன நடந்தாலும் முதலில் வீட்டுக்குச் சொல்லு, நாங்கள் அடிக்க மாட்டோம், வெளியில் தள்ள மாட்டோம்" என்று தாயும் தகப்பனும் சொன்ன வார்த்தை கட்டாயம் நிற்கும். அந்தப் பயம் இல்லாத பிள்ளை நேரத்தோடு கேட்கும். நேரத்தோடு கேட்டால் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது.

இலக்கங்களை ஒரு துண்டில் எழுதி வைத்திருக்கிறோம். போகும்போது வாங்கிக்கொண்டு போங்கள். எல்லோர் முன்னாலும் கேட்க வெட்கப்படுகிறவர்கள் இருந்து தனியாகக் கேளுங்கள், நாங்கள் அவசரப்படவில்லை.