கட்டம் எண்ணத் தெரிந்தால் போதும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



பத்து நிமிடம் பேசச் சொன்னதும், வங்கியில் இருந்தவர், டெபாசிட் வட்டி பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது கிராஸ் ஸ்டிட்ச். ஆண்களும் கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள். இதில் பாதி வேலை எண்ணிக்கைதான்.

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பாதி முடிந்த தலையணை உறை ஒன்று கிடைத்தது. மேட்டி துணியில் சிவப்பு ரோஜாக்கள். நான்கு பூவில் இரண்டரைதான் முடிந்திருந்தது. ஊசி குத்தியபடியே இருந்தது, சுற்றிலும் துருக்கறை. மீதியை முடிக்கலாம் என்றுதான் 63 வயதில் இதைக் கற்க ஆரம்பித்தேன்.

எம்ப்ராய்டரி என்றாலே நம் ஊரில் ரொமேன் ரோலன் வீதியிலுள்ள குளூனி எம்ப்ராய்டரி மையம் நினைவுக்கு வரும். அங்கு பெண்கள் போடும் நுணுக்கமான பூ வேலையைப் பார்த்தால் நமக்கு இது வராது என்று தோன்றும். கிராஸ் ஸ்டிட்ச் அப்படியல்ல. துணியில் எதையும் வரைய வேண்டாம். துணியே கட்டம் கட்டமாக நெய்யப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். நீலகிரித் தோடர் பெண்களும் பூத்துக்குளியில் எதையும் வரையாமல் இழையை எண்ணித்தான் தைக்கிறார்கள். அந்த வேலைப்பாட்டுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கர்நாடகத்தின் கசூதி வேலையில் இதே பெருக்கல் குறித் தையலுக்கு ‘மெந்தி’ என்று பெயர். நம் வெந்தயம்தான்.

முதலில் துணி. ஒரு அங்குலத்தில் எத்தனை கட்டம் என்று கடையிலேயே எண்ணிப் பாருங்கள். 14 கட்டம் உள்ளது அழகாக வரும். ஆனால் என்னைப் போல் கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் 11 கட்டத் துணியில் தொடங்குவது நல்லது. அளவுக்கு ஒரு சின்னக் கணக்கு: படம் 55 கட்ட அகலம் என்றால், 11 கட்டத் துணியில் 5 அங்குலம். பக்கத்துக்கு 2 அங்குலம் விட்டால் மொத்தம் 9 அங்குலத் துணி வேண்டும்.

எம்ப்ராய்டரி நூல் ஆறு இழையாக வரும். முழுதாகக் கோக்காதீர்கள். 14 கட்டத்துக்கு இரண்டு இழை, 11 கட்டத்துக்கு மூன்று இழை பிரித்து எடுங்கள். நீளம் ஒரு முழம் போதும். பூக்காரரிடம் வாங்குவது போல இரண்டு முழம் எடுத்தால் சிக்கு விழும். ஊசி முனை மழுங்கியதாக இருக்க வேண்டும், 24-ஆம் எண் கேளுங்கள். துணியை இறுக்கிப் பிடிக்க ஒரு வளையம்.

துணியை நான்காக மடித்தால் நடுப்புள்ளி கிடைக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். முடிச்சுப் போட வேண்டாம், பின்பக்கம் ஒரு அங்குல நூலை விட்டு, வரும் தையல்களுக்கு அடியிலேயே அதை அமுக்கிவிடுங்கள். கட்டத்தின் கீழ் இடது மூலையில் ஊசியை மேலே எடுத்து, மேல் வலது மூலையில் இறக்குங்கள். ஒரு வரிசை முழுக்க இப்படிச் சாய்கோடாகவே போய், திரும்பி வரும்போது எதிர்ச் சாய்வைப் போட்டு மூடுங்கள். மேலே வரும் கோடு எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மாறினால் தூரத்திலிருந்தே தெரியும்.

இனி நான் பட்ட பாடு. முதல் வேலையாகப் பெரிய கிளிப் படம் எடுத்தேன். கழுத்தில் ஒரு கட்டம் தவறிவிட்டது. மூன்று நாள் கழித்து, தலை உடம்போடு சேராதபோதுதான் தெரிந்தது. வங்கியில் கணக்கு ஒரு ரூபாய் இடித்தாலும் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போக மாட்டோம். இங்கே மூன்று நாள் கணக்குப் பார்க்காமல் இருந்துவிட்டேன். பிரித்தெடுக்க இரண்டு மாலை ஆயிற்று. இப்போது தைக்கும் முன்பே பத்துப் பத்துக் கட்டமாகச் சாதாரண நூலில் ஓட்டுத் தையல் போட்டுவிடுகிறேன். பத்து முடிந்தால் ஒரு சரிபார்ப்பு. வேலை முடிந்ததும் அந்த நூலை உருவிவிடலாம்.

எனவே பெரிய படம் உள்ள விலையுயர்ந்த கிட் வாங்காதீர்கள். பேரப்பிள்ளையின் கிராஃப் நோட்டில் இருபது கட்டத்துக்குள் ஒரு பூ வரைந்து தொடங்குங்கள். புள்ளிக்கோல நோட்டு உள்ளவர்களுக்குப் படத்துக்குப் பஞ்சமில்லை. சிக்குக் கோலம் மட்டும் வேண்டாம், வளைவு கட்டத்துக்குள் வராது. அடர் சிவப்பு நூலை ஈரத் துணியில் தேய்த்து, சாயம் போகிறதா என்று முதலிலேயே பாருங்கள். எழுந்து போகும்போது ஊசியைத் துணியில் விடாதீர்கள்.

அம்மாவின் உறை இன்னும் முடியவில்லை. கடையில் கிடைக்கும் எந்தச் சிவப்பும் அந்தச் சிவப்போடு சேரவில்லை. கடைசிப் பூவை வேறு நிறத்தில் போடலாம் என்கிறாள் என் மனைவி. இன்னும் முடிவு செய்யவில்லை.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கீழ்த்தளக் கூடத்தில் இருப்பேன். ஐந்தாறு பேருக்குப் போதுமான துணி வைத்திருக்கிறேன். மூக்குக் கண்ணாடியை மறக்காமல் கொண்டு வாருங்கள்.