ரெண்டு நிமிஷ விமானம்

விமானத்தில் ஏறி, பெல்ட்டைப் போட்டு நிமிர்ந்து உட்காருவதற்குள் ஊர் வந்துவிட்டால்?

ஸ்காட்லாந்தின் வடக்குப் பகுதியில் ஆர்க்னி தீவுகள். அங்கே வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 1967 முதல் லோகன்ஏர் விமானம் பறக்கிறது. தூரம் சுமார் 2.7 கிலோமீட்டர்தான். லண்டன் ஹீத்ரோவின் ஓடுபாதையே இதைவிட நீளம்! அட்டவணையில் 2 நிமிடம். காற்று சாதகமாக இருந்தால் 1 நிமிடத்துக்குள்ளும் இறங்கியிருக்கிறார்கள். உலகின் மிகக் குறுகிய பயணிகள் விமான சேவை இதுதான்.

இத்தனூண்டு தூரத்துக்கு விமானமா என்று கேட்கலாம். நடுவில் இருப்பது கடல் ஆயிற்றே! ஆசிரியர்கள், மருத்துவப் பணியாளர்கள், நோயாளிகள் எல்லாம் இதில் போய்வருகிறார்கள். சின்ன ஐலாண்டர் விமானம். இடமிருந்தால் விமானி பக்கத்திலேயே உட்காரலாம். காபி, டிபன் மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.