கடல் தாண்டிப் படிக்க: யார் பணம், யார் கேள்வி
(மில்லர்புரத்தில் நிகழ்த்தப்பட்ட நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவுச் சொற்பொழிவு என்றால் இலக்கியம் பேசுவதுதான் இந்த மேடையின் வழக்கம். இந்த ஆண்டு வெளிநாட்டு உயர்கல்வியைப் பற்றிப் பேசலாம் என்று முடிவெடுத்தோம். யார் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்த ஆசிரியர், இலக்கியக் கூட்டம் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் உப்பளத்துப் பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தவர். அவர் நிரப்பிய விண்ணப்பங்கள் வ.உ.சி. கல்லூரிக்கும் காமராஜ் கல்லூரிக்கும் போயின. இன்று அதே வீடுகளின் பேரப்பிள்ளைகள் லண்டன், பெர்லின் என்று ஊர்ப் பெயர் சொல்லி வழி கேட்கிறார்கள். கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு வந்துவிட்டது.

கடல் தாண்டுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கு இந்தத் துறைமுகத்தின் வழியாகவும் ஆள் ஏற்றினார்கள். அப்படிப் போனவர்களில் பெரும்பங்கு நம் மக்கள். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டதை ஊரே கொண்டாடுகிறது, கொண்டாடட்டும். அதே கடலில் கங்காணியிடம் கடன்பட்டுப் போனவர்களுக்குச் சிலை எதுவும் இல்லை. உழைக்கப் போவதற்கு நம்மிடம் யாரும் தகுதிச் சான்றிதழ் கேட்டதில்லை. படிக்கப் போகிறோம் என்றபோதுதான் கேள்விகள் வந்தன.

1893இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. ரெட்டமலை சீனிவாசன் 3,412 கையொப்பங்களோடு அதை எதிர்த்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். இதை வெள்ளைக்கார விசுவாசம் என்று ஒதுக்கித் தள்ளுபவர்கள் இன்றும் உண்டு. தேர்வு இங்கே நடந்தால் அதிகாரம் முழுவதும் ஏற்கெனவே நம்மை மிதிப்பவர்களின் கைக்கே போகும் என்பது அவர் கணக்கு. படிப்பு எந்த நாட்டில் என்பதைவிட அதில் நுழையும் வாசல் யாருக்குத் திறக்கிறது என்பதைத்தான் அவர் பார்த்தார். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் கொழும்புக்குப் போய் பௌத்தம் தழுவித் திரும்பினார். அதுவும் அறிவைத் தேடிப் போன கடல் பயணம்தான்.

இனி பாபாசாகேப். 1913இல் அவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கொடுத்தது மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. பதிலுக்குப் பத்து ஆண்டுகள் பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்ப்பதாக ஒப்பந்தம். இந்தக் கதையின் முதல் பாதியை நம் மேடைகளில் நிறையச் சொல்கிறோம். இரண்டாம் பாதி மாணவர்களுக்கு அதைவிட முக்கியமானது. கொலம்பியாவிலிருந்து லண்டனுக்குப் போய்ப் பொருளாதாரமும் சட்டமும் படித்துக்கொண்டிருந்தபோது உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பரோடாவில் வேலை இருந்தது, தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டார். பிறகு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திச் சேர்த்த பணம், கோலாப்பூர் ஷாகு மகாராஜின் உதவி, நண்பரிடம் வாங்கிய கடன், இவற்றோடு 1920இல் மறுபடி லண்டன் போய் 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் வாங்கினார். அம்பேத்கருக்கே இடையில் பணம் நின்றிருக்கிறது.

இதை அவர் மறக்கவில்லை. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்க வைத்தார். வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவர்களும் அதில் பயன்பெற்றார்கள். பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் 1945இல் டாட்டா உதவித்தொகையில் லண்டன் போய்ப் படித்தார். ஆனால் மன்னரின் தயவும் தொழிலதிபரின் தயவும் ஒரு சமூகத்துக்குப் போதாது. அரசுப் பணத்தில், உரிமையாகப் போக வேண்டும். 1954-55இல் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது.

இன்று அந்தத் திட்டம் எப்படி இருக்கிறது? நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் பட்டியல் சாதியினருக்கு 115, மீதி சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்களுக்கு. முதுநிலைப் படிப்பும் முனைவர் பட்டமும் மட்டும். வயது 35க்குள், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள், 60 விழுக்காடு மதிப்பெண், உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் உள்ள பல்கலைக்கழகத்தில் சேர்க்கை. கோடிக்கணக்கான மக்களுக்கு 115 இடம். நம் ஊரில் ஒரு டவுன் பஸ்ஸில் காலை நேரத்தில் ஏறுகிற கூட்டம் அதற்கு மேல் இருக்கும்.

அந்த 115ஐயும் முழுதாகக் கொடுக்கிறார்களா என்று பார்த்தால், 2025 ஜூலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தேர்வானவர்கள் 106 பேர். முதலில் 40 பேருக்குத்தான் தற்காலிக ஆணை. மற்ற 66 பேருக்கு, நிதி இருந்தால் தரப்படலாம் என்று அறிவிப்பு. லண்டனில் வகுப்பு செப்டம்பரில் தொடங்கிவிடும். விசாவுக்குப் பணம் காட்ட வேண்டும், பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும். ஜூலையில் “இருந்தால் தரலாம்” என்றால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? வங்கிக்குப் போனால் ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்பார்கள். உப்பளத்தில் பாத்தி மிதித்துக் கூலி வாங்குகிறவர் எந்தச் சொத்தைக் காட்டுவார்? மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலையே கிடையாது. அந்த மூன்று மாதத்துக்கும் சேர்த்து அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணத்தில் அடுப்பு எரியும் வீடு அது.

இந்தத் தாமதத்தின் பொருளை எங்கள் மன்றத்துக்கு வந்துபோகும் ஒரு தங்கையிடம் பார்த்தோம். நல்ல பல்கலைக்கழகத்தில் சேர்க்கைக் கடிதம் வாங்கியிருந்தார். ஓர் அலுவலகத்தில் வருமானச் சான்றிதழ் மூன்று வாரம் தூங்கியது, இன்னோர் அலுவலகத்தில் கோப்பு அதற்கு மேல் தூங்கியது. ஆணை கைக்கு வந்தபோது சேர்க்கைக் கடிதத்தின் தேதி முடிந்துவிட்டது. யாரும் அவருக்கு உதவித்தொகையை மறுக்கவில்லை. எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள். ஓர் ஆண்டு போயிற்று, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கச் சொன்னோம். அதற்குள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

தொகையும் போதவில்லை. தேசியத் திட்டத்தில் பிரிட்டனில் படிப்பவருக்கு வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு 9,900 பவுண்டு. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 825. பிரிட்டிஷ் அரசோ, 2025 ஜனவரியிலேயே, மாணவர் விசாவுக்கு லண்டனில் மாதம் 1,483 பவுண்டும் லண்டனுக்கு வெளியே 1,136 பவுண்டும் வேண்டும் என்று கணக்குப் போட்டது. அந்த நாட்டு அரசு உயிர்வாழக் குறைந்தபட்சம் என்று சொல்லும் தொகையைவிட நம் அரசு கொடுப்பது குறைவு. மிச்சத்தை இரவு வேலைதான் ஈடுகட்டும். முனைவர் பட்ட ஆய்வாளர் உணவகத்தில் தட்டுக் கழுவுவதை உழைப்பின் மேன்மை என்று கட்டுரை எழுதுகிறவர்கள், கழுவாமல் படிக்கிற பக்கத்து மேசைக்காரரைப் பற்றியும் எழுதலாம்.

பணத்தைவிட எங்களை உறுத்துவது ஒன்று உண்டு. 2022-23ஆம் ஆண்டு விதிகளில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா தொடர்பான சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்று சேர்த்தார்கள். இந்தியாவைப் பற்றிப் படிக்க இந்தியாவிலேயே வளம் இருக்கிறதே என்பது விளக்கம். 1916 மே மாதம் கொலம்பியாவில் மானுடவியல் கருத்தரங்கில் 25 வயது அம்பேத்கர் வாசித்த கட்டுரையின் தலைப்பு ‘இந்தியாவில் சாதிகள்’. இன்றைய விதிப்படி அந்தத் தலைப்போடு விண்ணப்பித்தால் அவருக்கே இந்தப் பணம் கிடைக்காது. நம் பிள்ளை வெளிநாட்டில் கணினி படிக்கலாம், உயிரித் தொழில்நுட்பம் படிக்கலாம், தன் தாத்தா ஏன் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியவில்லை என்று ஆராயக் கூடாது. சமூகவியல் படித்தவர்கள் என்ற முறையில் நாங்கள் இதை வெறும் நிர்வாகத் திருத்தமாக எடுத்துக்கொள்ளவில்லை. சாதியைப் பற்றி உலகப் பல்கலைக்கழகங்களில் பேசப் போவது யார்? சொந்தப் பணத்தில் போகிறவர்கள் எந்தத் தலைப்பிலும் பேசலாம். அரசுப் பணத்தில் போகிற நாம் மட்டும் பேசக் கூடாது.

இங்கே தமிழ்நாட்டு அரசின் திட்டத்தை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை என்று பெயர். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை, 8 முதல் 12 லட்சம் வரை இருந்தால் 24 லட்சம் வரை. கலை, சமூக அறிவியல், சட்டம் ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. இந்தக் கடற்கரைக்கு இன்னொரு காரணத்தாலும் இது முக்கியம். கிறித்தவ ஆதிதிராவிடரும் இதில் விண்ணப்பிக்கலாம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டும் பட்டியலில் வைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவராக இருக்கும் தலித் இன்றுவரை மத்திய அரசின் பட்டியலுக்கு வெளியேதான். கல்லறையில்கூடத் தனி வரிசை பார்த்த மக்களுக்கு, மதம் மாறியதால் சாதி போய்விட்டது என்று டெல்லி சொல்கிறது. மாநிலத் திட்டம் அந்த இடத்தில் நமக்குக் கை கொடுக்கிறது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். ஆணை வரும் வேகத்தைப் பற்றிச் சண்டை போடவும் செய்வோம்.

எந்த நாடு என்று கேட்கிறீர்கள். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது கட்டணம் வாங்கத் தொடங்கியிருக்கிறது. ஆனால் விசாவுக்கு முன்பு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டச் சொல்வார்கள். ரூபாயில் பத்து லட்சத்துக்கு மேல். அது உங்கள் பணம்தான், மாதாமாதம் உங்களுக்கே திரும்பி வரும். முதலில் புரட்டுவதுதான் கஷ்டம். கனடா 2024 தொடக்கத்தில் இந்தக் கையிருப்புத் தொகையை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக ஏற்றியது, மாணவர் அனுமதிக்கும் வரம்பு வைத்தது. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு முழுச் செலவையும் தருகிறது. அதற்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்து இரண்டு ஆண்டு ஊரில் இருக்க வேண்டும். களப்பணியில் இருக்கும் தோழர்களுக்கு இது பொருந்தும், யோசியுங்கள். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ் திட்டத்துக்கு அனுபவம் கட்டாயமில்லை.

மருத்துவம் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டுக் கொடிகளை வரிசையாக மாட்டி வைத்திருக்கும் ஏஜென்சிகளைப் பார்த்திருப்பீர்கள். நாடு கேட்டால் கொடியைக் காட்டுவார்கள், கட்டணம் கேட்டால் காபி கொடுப்பார்கள். இளநிலை மருத்துவத்துக்கு நாம் பேசிய இரண்டு அரசு உதவித்தொகையும் கிடையாது. அது முழுக்கக் கடன்தான். 2021ஆம் ஆண்டு விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழி, படித்த இடத்திலேயே ஓராண்டுப் பயிற்சி, திரும்பி வந்து இங்கே இன்னும் ஓராண்டு, இடையில் தகுதித் தேர்வு. 2022இல் உக்ரைனில் போர் வந்தபோது பாதிப் படிப்போடு திரும்பிய பிள்ளைகளின் வீடுகளில் வட்டி நிற்கவில்லை. போகவே கூடாது என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாள்களை எங்களிடம் காட்டுங்கள் என்கிறோம்.

போன இடத்தில் சாதி இருக்குமா? இருக்கும். முழுப்பெயர் கேட்பார்கள், ஊர் கேட்பார்கள், சாப்பாடு கேட்பார்கள். அங்கே போராடியவர்களும் இருக்கிறார்கள். பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2022இல், சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில். அதே 2023இல் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். பிரிட்டன் 2018இல் தனிச் சட்டம் தேவையில்லை என்று கைவிட்டது. போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள அம்பேத்கரிய வட்டங்களைத் தேடிக்கொள்ளுங்கள். அறை வாடகையிலிருந்து ஆய்வு நெறியாளர் வரை அவர்களுக்குத் தெரியும்.

இந்த மன்றத்தின் சார்பில் மூன்று கோரிக்கைகளை எழுதி அனுப்பப் போகிறோம். சேர்க்கைக் கடிதம் வந்த பிள்ளைக்கு ஆணை வரும்வரை முன்பணம் கட்ட, மாவட்ட அளவில் ஒரு சுழல்நிதி வேண்டும். தேசியத் திட்டத்தின் தலைப்புத் தடை நீங்க வேண்டும். வாழ்க்கைச் செலவுத் தொகை அந்தந்த நாட்டு விசா விதியை ஒட்டி ஆண்டுதோறும் மாற வேண்டும். கையெழுத்துத் தாள் வாசலில் இருக்கிறது, போகும்போது போட்டுவிட்டுப் போங்கள்.

மாணவர்களுக்கு வேலை இன்றிலிருந்தே இருக்கிறது. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இந்த மாதமே விண்ணப்பியுங்கள். வீட்டுக்குப் பட்டா இல்லை, முகவரிச் சான்று இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம், என்னென்ன ஆவணம் செல்லும் என்று உட்கார்ந்து பார்ப்போம். சாதிச் சான்றிதழிலும் மதிப்பெண் பட்டியலிலும் அப்பா பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், பல கோப்புகள் அங்கேதான் நிற்கின்றன. ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற தேர்வுகளுக்கு தாட்கோ இலவசப் பயிற்சி அறிவிக்கும்போது பெயர் கொடுங்கள். எதற்காகப் படிக்கப் போகிறேன் என்ற விளக்கக் கட்டுரையை முதலில் தமிழில் எழுதி வாருங்கள். ஆங்கிலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு இதே கூடம் திறந்திருக்கும்.