சிரிப்புக்கு அடுத்த வீடு
(மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இந்து இளைஞர் மன்ற மேடையில் சினிமாப் பேச்சா என்று பெரியோர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். பொறுத்தருள்க. எண்வகை மெய்ப்பாடுகளைச் சொல்ல வந்த தொல்காப்பியரே நகையை முதலிலும், அழுகையை அதற்கடுத்தும் வைத்தார். இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர். இடையில் வேலியில்லை என்று காட்டிய படமொன்றைப் பற்றியே நாம் பேச வந்தோம்.

கே. பாலசந்தரின் நாடகமாயிருந்து, கிருஷ்ணன் – பஞ்சு இயக்கத்தில் 1964 இல் திரைக்கு வந்தது 'சர்வர் சுந்தரம்'. கோப்பைகளைக் கோபுரமாய் அடுக்கி ஏந்திவரும் நாகேஷைக் கண்டு சிரியாதார் யார்? அந்தச் சுந்தரம் ஒரு பெண்ணின் அன்பைக் காதலென்று எண்ணி விடுகிறான். அவள் மனமோ அவனுடைய நண்பனிடம். சுந்தரம் பெரிய நடிகனாகிறான். பணமும் புகழும் வருகின்றன. அவள் வரவில்லை, தாயையும் இழக்கிறான். ஈற்றில் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் பழைய சர்வர் வேலைக்கே திரும்புகிறான். நம்மைச் சிரிக்க வைத்த அதே முகந்தான் அழவும் வைக்கிறது. சார்லி சாப்ளின் 1921 இலேயே 'தி கிட்' படத்தில் இவ்வித்தையைச் செய்து காட்டியவர். அங்கே பேச்சில்லை, நாகேஷுக்கோ மடைதிறந்த பேச்சு. பேசிக்கொண்டே அழவைப்பது இன்னுங் கடினம் என்பது நம் கட்சி.

இதை நிலாவெளியில் ஏன் சொல்கிறோம்? நம் கடற்கரை நெடுகிலும் விடுதிகள். அங்கே தட்டேந்தும் பிள்ளைகள் நம் வீட்டுப் பிள்ளைகளே. வெள்ளைச் சட்டையணிந்து வேலைக்குப் புறப்பட்ட தம்பியொருவரை, "சர்வர் சுந்தரம் போறார்" என்று நாமே சந்தியில் நின்று கேலி செய்ததுண்டு. அவரும் சிரித்துக்கொண்டே போனார். அப்போது நாம் படத்தைப் பாதிவரைதான் பார்த்திருந்தோம். முழுவதும் பார்த்த இரவில் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்து நித்திரையைக் கெடுத்தது. மறுநாள் அவரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டோம். "அதை விடுங்கோ அண்ணை, படத்தை எங்களுக்கும் ஒருக்காக் காட்டுங்கோ" என்றார்.

ஆகவே, வரும் பௌர்ணமியன்று மன்ற மண்டபத்தில் அப்படம் காட்டப்படும். விடுதி வேலை முடிந்து அவர்கள் வர இரவு பத்து மணியாகும். அதன் பிறகே தொடங்குவோம். முன்வரிசையை அவர்களுக்கு விட்டுவிடுங்கள்.